மாதிரித் தாளில் ஒட்டிய பூச்சி

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்கள், எங்கள் பேச்சில் உலாந்தாக்காரர்கள், இருந்த காலத்தில் என் நைனா அவர்களுக்குச் சீலையில் பூ எழுதிக் கொடுத்தார். கப்பலில் மாதிரித் தாள் வரும். அதில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நைனா பத்துச் சீலை எழுதினாலும் பத்தும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் என்று ஏரிக்கரைக் குப்பமே பேசும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டென்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. என் சொத்தெல்லாம் அந்துப்பூச்சிகள்தாம். காலையில் எழுந்ததும் விளக்கு மாடத்தைச் சுற்றிச் சுவரில் தேடுவேன். ஒன்று காய்ந்த புங்க இலைபோல் இருக்கும். ஒன்று மீன் செதிலாக மினுங்கும். தவிட்டு நிறம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் பூச்சியைக் கிட்டே பார்த்தால் அதற்குள் நாலு நிறம் ஒளிந்திருக்கும். செத்துக் கிடப்பதை மட்டும் எடுத்துவைப்பேன்.

"ஊர்ப் புள்ளைங்க பட்டாம்பூச்சி புடிக்கும். இது இன்னாடான்னா குப்பையப் பொறுக்குது" என்பாள் அம்மா. நைனா குனிந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அம்மா துடைப்பத்தோடு வருவதைப் பார்த்து, கையிலிருந்த பெரிய பூச்சியைப் புது மாதிரித் தாள் சுருளுக்குள் செருகிவிட்டேன். மறுநாள் நைனா சுருளைப் பிரித்தார். பூச்சி உதிர்ந்து விழுந்தது. தாளில் இருந்த பூங்கொடியின் ஓரத்தில் இரண்டு இறக்கைகளின் பொடித் தடம் மட்டும் ஒட்டியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மூங்கில் குச்சியை எடுத்து, கொடியோடு பூச்சியையும் எழுதத் தொடங்கினார். சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அது அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பத்துச் சீலையும் முடிந்து கோட்டைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். துரை முதல் சீலையை விரித்ததும் பூச்சியைக் கையால் தட்டிவிட்டார். அது போகவில்லை. துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொல்ல, துபாஷி அதைத் தமிழில் சொல்ல நைனாவிடம் திரும்பினார்.

"அவங்க ஊர்ல இது துணியத் தின்ற பூச்சியாம். அத்த துணி மேலயே எழுதினா எவன் உடுத்துவான்னு கேக்குறாரு."

"தாள்ல இருந்துது, எழுதினேன்" என்று நைனா கையோடு கொண்டுவந்திருந்த தாளில் தடத்தைக் காட்டினார்.

மற்ற ஒன்பதைத் துரை பிரிக்கவே இல்லை. ஒரு பருவத்து வேலை முழுவதும் எங்களோடு திரும்பி வந்தது. இனி மாதிரித் தாள் வருமா என்பதே சந்தேகம். வழியில் அழுதுவிட்டேன்.

"நாந்தான் நைனா பூச்சிய உள்ள வெச்சேன்."

"தெரியும். வா, வெயில் ஏறுது."

மூன்று மாதம் தாள் வரவில்லை. நைனா மீனவர்களோடு வலை இழுக்கப் போனார். பிறகு எப்படியோ தாள் வந்தது. திரும்பி வந்த சீலைகளில் ஒன்று தம்பிக்குத் தூளியாயிற்று, ஒன்று எனக்குப் பாவாடை, ஒன்று கதவுக்குத் திரை.

தூளியில் இருந்தது புங்க இலைப் பூச்சி. பாவாடையில் இருந்தது செதில் பூச்சி. திரையில் இருந்தது வேறொன்று. எல்லாவற்றுக்கும் ஆறு காலும் இறாலுக்கு இருப்பதுபோல் மீசையும் இருந்தன. தாளில் விழுந்த தடமோ ஒன்றே ஒன்று, அதுவும் வெறும் இறக்கை. இதையெல்லாம் நான் அன்றே கவனித்தேன். கவனித்து, பாவம், நைனாவுக்குக் கை தடுமாற ஆரம்பித்துவிட்டது, ஒரே பூச்சியைப் பத்துத் தடவை எழுத வரவில்லை என்று இரக்கப்பட்டேன். அவர் மானம் போகக்கூடாதென்று அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.