காய்ந்து வந்த கயிறு

பொதுமக்கள் அனுப்பும் மனுவுக்குப் பதினைந்து நாட்களுக்குள் ‘கிடைத்தது’ என்று ஒரு வரியாவது எழுதிப் போட வேண்டும் என்பது அலுவலக விதி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்துகொண்டு இந்த விதியைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். பேய், ஆவி எதையும் நம்பியதில்லை. கையெழுத்தும் தேதியும் இல்லாத எதையுமே நம்பியதில்லை. இதை நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது என் மனைவி பிலோமினாவின் தம்பி டோமினிக் அங்கே வெல்டராக இருந்தான். போன் இல்லை, கடிதம் இல்லை. டெல்லிக்கு மனு போட்டேன், பிறகு நினைவூட்டல், பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். பதில் வரவில்லை. செப்டம்பரில் அங்கிருந்து தப்பி வந்த ஐயப்பன்தாங்கல்காரர் ஒருவர்தான் ஒரு செய்தி சொன்னார்: டோமினிக் ஜோர்டானுக்குக் கிளம்பி ஏறிய லாரி பாலைவனத்தில் எங்கோ நின்றுபோய்விட்டது, வந்து சேரவேயில்லை.

உடனே டோமினிக்கின் மனைவி ஜெசிந்தாவை அவளுடைய அண்ணன் சேவியர் நச்சரிக்க ஆரம்பித்தான். இறந்தவனுக்கு வைக்கும் ஆத்மா பூசைக்கு நாள் குறிக்க வேண்டும், அவர்கள் குடியிருந்த மேனாம்பேட்டு வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

“மொதல்ல அவர் கயிறப் போட்டுப் பாத்துடறேன். அப்புறம் நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்” என்றாள் ஜெசிந்தா.

கயிறு என்று அவள் சொன்னது நண்டுக் கயிற்றை. பரீட்சை லீவு விட்டால் எங்கள் குடும்பம் வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போகும். ஏரியில் கடல் தண்ணீர் மெல்ல ஏறும் நேரமாகப் பார்த்துக் கரைக் கல்லில் உட்கார்ந்துகொள்வோம். ஆளுக்கொரு சணல் கயிறு, நுனியில் கோழிக்கால், கூடவே ஒரு கல். நண்டு கவ்வியதும் மெதுவாக இழுத்து, மேலே வரும்போது கைவலையில் அள்ள வேண்டும். இதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. லீவு கிடைக்காமல் வராதவனுக்கும் ஒரு கயிறு போடுவோம். அதில் வரும் நண்டு அவன் பங்கு, அதை அவன் வீட்டார் மட்டும்தான் இழுக்கலாம். டோமினிக் குவைத்துக்குப் போன நாளிலிருந்து அவன் கயிற்றை ஜெசிந்தாதான் இழுத்து வந்தாள். அந்தப் பெண் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று நண்டிடம் கேட்கப்போகிறாள். டெல்லியை விட நண்டு சீக்கிரம் பதில் சொல்லும் என்று நானும் வேனில் ஏறிவிட்டேன்.

நல்ல வெயில். எங்கள் கயிறுகளில் நண்டு வந்தபடி இருந்தது. டோமினிக்கின் கயிறு மட்டும் அசையவில்லை. கோழிக்காலைச் சும்மா விட்டுவைக்குமா அந்த ஏரி? சேவியர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“இழுத்துடு ஜெசி. போதும்.”

அவள் இழுத்தாள். கயிறு காய்ந்திருந்தது. ஈரம் குறைவாக இருந்தது என்று சொல்லவில்லை, கொடியில் நாள் முழுக்கக் கிடந்த துணி போலக் காய்ந்திருந்தது. கோழிக்கால் கருவாடாகச் சுருங்கியிருந்தது. சணல் முறுக்குக்குள் பொடிமணல், மாவு மாதிரி, எங்கள் கரையில் இல்லாத மணல். நான் தொட்டேன், சுட்டது. கயிறு தண்ணீரில் மூழ்கியதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஜெசிந்தா அழவில்லை. கல்லை அவிழ்க்காமல், பிள்ளையின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதே நுனியில் கட்டினாள்.

“இன்னாம்மா, நண்டுக்குத் தாகமா?” என்று படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

“மூடிய நீங்க திருகுங்கண்ணே. நல்லா இறுக்கணும்” என்று என்னிடம் நீட்டினாள்.

திருகினேன், இரண்டாம் முறை சரியும் பார்த்தேன், அது என் தொழில். பாட்டில் இறங்கியது. சற்றுப் பொறுத்து இழுத்தாள். மூடி நான் திருகியபடியே இறுக்கமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மறுபடி நிரப்பினோம், மறுபடி காலி. படகுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தன் குடத்தையே கொண்டுவந்து வைத்தார். சேவியர் மட்டும், “அண்ணே, பசங்களுக்குன்னு கொஞ்சம் வெச்சிக்கலாமே” என்றான். “ஊட்டாண்ட போயி குடிக்கட்டும், வாய மூடு” என்றாள் பிலோமினா. என் மனைவி பொதுவாக இப்படிப் பேசுகிறவள் அல்ல. இருந்த தண்ணீர் எல்லாம் போனது. கடைசியில் கயிறு நனைந்து வந்தது, ஏரி நாற்றத்தோடு. ஆத்மா பூசைக்கு இனி யாரும் நாள் குறிக்க வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். சேவியர் காலிக் குடத்தைத் தூக்கிப் படகில் கொண்டுபோய் வைத்தான்.

அக்டோபரில் டோமினிக் விமானத்தில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து இறங்கினான். கொஞ்சம் கறுத்திருந்தான், மற்றபடி நன்றாகவே இருந்தான். பிலோமினா தண்ணீர்க் கதையைச் சொன்னதும் விழித்தான்.

“தண்ணிக்கு இன்னாக்கா கொறச்சல்? எங்க வண்டியில ரெண்டு பீப்பா இருந்திச்சே.”

“அப்ப நின்னுபோன லாரி?” என்றேன்.

“அது பின்னாடி வந்தது மாமா. நான் மொதல்ல அதுலதான் ஏறினேன். ஆந்திராப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், தன் தம்பி அந்த வண்டியில கீறான், எடம் மாத்திக்கலாமான்னு கேட்டாரு. சரின்னு எடம் மாறிக்கினேன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “அவர் பேர்கூடக் கேட்டுக்கல.”

ஜெசிந்தா பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் லீவில் பழவேற்காட்டுக்கு மறுபடி போனோம். டோமினிக் தன் கயிற்றைத் தானே போட்டான். அவனுக்குப் பக்கத்தில் ஜெசிந்தா, அந்தப் பெரியவருக்கென்று, இன்னொரு கயிற்றில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி இறக்கினாள், மூடியை நான்தான் திருகினேன். இழுத்தபோது பாட்டில் நிரம்பியே இருந்தது. திரும்பவும் இறக்கினாள், அப்போதும் நிரம்பியே இருந்தது. “போதும்மா” என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை, பொழுது சாயும்வரை இறக்கி இறக்கிப் பார்த்தாள். காலியாக வந்ததைக்கூட என்னால் ஒருவாறு மறக்க முடிகிறது. நிரம்பி வந்ததைத்தான் முடியவில்லை.

இதில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. டோமினிக் திரும்பிய வாரமே டெல்லிக்கு இன்னொரு மனு போட்டிருந்தேன்: பின்னால் வந்த லாரியில், டோமினிக்கின் இடத்தில் உட்கார்ந்த, ஆந்திராப் பக்கத்துப் பெரியவர் என்ன ஆனார்? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்திருந்தால் நானே ஓரமாகப் போட்டிருப்பேன். மனுதாரர் உறவினர் அல்லாததால் விவரம் தெரிவிக்க இயலாது என்று பதில் வந்தது, 1991-ஆம் ஆண்டு, நாங்கள் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் சாம்பல் புதன்கிழமை அன்று.