தொட்டிக்குள் இருந்த சுவர்

'டக்' என்று ஒரு சத்தம். காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது மாதிரி. ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒடித்தது போல இருந்தது. நீண்ட அந்தக் கூடத்தில் வெளிச்சம் இருந்தது பவளப்பாறைத் தொட்டியில் மட்டும்தான். நீல வெளிச்சம். என்னிடம் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் அண்ணாச்சி பாதி வார்த்தையில் நிறுத்திக் கையை உயர்த்தினார். மீன்கள் எதுவும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"கேட்டீயளா தம்பி?" என்றார் மெதுவாக. "மண்ணு அசையுது."

கோவில்பட்டியில் கடல்மீன் காட்சியகம் ஒன்று இருந்தது என்பதே இப்போது பலருக்கு மறந்திருக்கும். தீப்பெட்டி ஆலை முதலாளி ஒருவர் எட்டயபுரம் சாலையில் அதை நடத்தினார். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்திகள் எழுதிவந்தேன். அண்ணாச்சி அந்த ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் காட்சியகத்துக்கு மேனேஜராக வந்தார். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்காத மனிதர், காலையில் முதல் ஆளாக வந்து கண்ணாடி துடைப்பார். தூத்துக்குடியிலிருந்து டேங்கர் லாரியில் கடல்நீர் வந்து இறங்கும் நாட்களில், எதிரே அத்தர்க்கடை வைத்திருந்த பாய் வாசலுக்கு வந்து நின்றுகொள்வார்.

"ஊரே குடிக்கத் தண்ணியில்லாமக் கெடக்கு. அண்ணாச்சி மீனுக்கு லாரியில எறக்குதாவ."

"ஒரு செம்பு மோந்து தாரேன், குடிக்கியளா பாய்?"

தொட்டியில் இருந்த பாறை உயிருள்ள பவளம் அல்ல. தூத்துக்குடியில் இடித்த ஒரு பழைய வீட்டின் சுவரிலிருந்து வந்த கற்கள். அந்தக் காலத்தில் அங்கே பவளக்கல்லை வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். கற்களைக் கழுவி, சுண்ணாம்பைச் சுரண்டி, அனுமதி வாங்கித் தொட்டிக்குள் அடுக்கினார்கள். கடல்நீர் பட்டதும் அவற்றின் மேல் ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் ஏறத் தொடங்கியது. ஒரு கல்லில் மட்டும் நீலம் அடித்த பூச்சு போகவே இல்லை. அதில் ஆணி இருந்த துளை ஒன்றும் இருந்தது. யாரோ சட்டை மாட்டிய ஆணியாக இருக்கலாம். அந்தத் துளைக்கு முன்னால் வரும் சின்ன மீன்கள் சட்டென்று விலகிப் போவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். காரணம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலாபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் மீனை அதிகம் பார்க்கமாட்டார்கள். அவ்வளவு தண்ணீர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூடம் நிறைந்திருக்கும், பேச்சு இருக்காது. அப்போதுதான் அந்தச் சத்தம் வரும். "ஏட்டி, பிள்ளையத் தூக்கு, கண்ணாடி கீறல் விடுது" என்று ஒரு குரல் எழும். வாசல் வரைக்கும் நெரிசல்.

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. கோடையில் மண் வாய் பிளக்கும், மழையில் உப்பி மேலே வரும். நடுவில் நிற்கும் சுவர் என்ன செய்யும்? எங்கள் ஊரில் விரிசல் இல்லாத வீட்டைப் பார்த்தால்தான் ஆச்சரியம். சுவர் விரிசல் விடும் சத்தம் தூக்கத்தில்கூட எங்களுக்கு அடையாளம் தெரியும். காட்சியகத்தின் சுவர்களிலும் வெடிப்புகள் இருந்தன. அண்ணாச்சி அவற்றின் குறுக்கே சிமெண்டுப் பொட்டு வைத்திருந்தார். பொட்டு பிளந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். சுவர்ப் பொட்டுகளில் சில பிளந்திருந்தன. தொட்டியைத் தாங்கிய மேடையில் வைத்தவை முழுசாக இருந்தன. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். சொல்லும்போதே சத்தம் வரும். அந்தக் கோடையில் தண்ணீர் சூடேற ஏற, சத்தமும் அடிக்கடி வரத் தொடங்கியது.

முதலாளி ஒரு பொறியாளரை அழைத்துவந்தார். அவர் மேடையை அளந்தார், கண்ணாடியின் ஓரங்களை விரலால் தடவினார், குறை எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். 'டக்'. பொறியாளர் பின்னால் நகர்ந்தார். அதன்பிறகு, தன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

முதலாளி அண்ணாச்சியைத் தனியே கூப்பிடவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நெசத்தச் சொல்லும்வே. உம்ம பேத்தியக் கூட்டியாந்து இந்தக் கண்ணாடி முன்னால நிறுத்துவீரா?"

அண்ணாச்சிக்கு அந்த இடத்தை விட்டால் போக வேறு இடமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நிறுத்தமாட்டேன் முதலாளி."

"அப்ப முடிஞ்சுது. மூடிருவோம்."

மீன்களை ஆக்சிஜன் அடைத்த பைகளில் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் பிற்பகலில் நான் போனபோது குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மட்டம் குறையக் குறைய உள்ளே ஒரு வீட்டின் சுவர் தலையை நீட்டியது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நீலப் பூச்சு, ஈரம் சொட்டும் மூலை. மோட்டாரை நிறுத்தினார்கள். கண்ணாடி மேல் இப்போது தண்ணீரின் பாரம் இல்லை. உடைய ஒரு காரணமும் இல்லை. கூடம் அடங்கியிருந்தது.

'டக்.'

யாரும் வாசலுக்கு ஓடவில்லை. அண்ணாச்சி ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கினார். கல் கல்லாகக் காதை வைத்துக் கேட்டார். ஆணித்துளைக் கல்லை இரண்டு கைகளாலும் தூக்கி, பிளாஸ்டிக் மக்கின் மேல் சாய்த்தார். தேங்கியிருந்த கொஞ்சம் நீரோடு ஏதோ ஒன்று விழுந்தது. ஒரு இறால். விரல் நீளம்கூட இல்லை. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன். அது அந்தக் கொடுக்கை விரித்து மூடியது. மக்கு அதிர்ந்தது. அதே சத்தம்.

லாரித் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் வந்து, அந்தத் துளைக்குள் வளர்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி தொட்டிக்குள்ளேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு விரக்கடை நீளங்கூட இல்ல தம்பி. என்னைய மண்ணுன்னு நம்ப வச்சுட்டான்."

மீன்கள் போய்விட்டன. கூடத்தைச் சரக்கு வைக்க வாடகைக்குக் கேட்டவருக்கு முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். பராமரிப்புக் காரணங்களால் காட்சியகம் மூடப்பட்டது என்று செய்தி வந்தது. அண்ணாச்சி அந்தக் கல்லையும் இறாலையும் ஒரு வாளி கடல்நீரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். முன்னறையில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் கடல்நீர். அடியில் அந்தக் கல். தூத்துக்குடி பஸ் நடத்துநர் ஒருவர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாராம். டிரம் பக்கத்திலேயே சுவரோடு ஒட்டி அவருடைய கட்டில். அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"இவியளுக்கு இப்ப அதுகூடத்தான் பேச்சு. ராத்திரி 'டக்'குன்னா 'என்னடே, ஒறங்கலியா'ங்காவ."

"முன்னெல்லாம் சுவரு சத்தம் கேட்டா முழிச்சுக்கிட்டே கெடப்பேன் தம்பி. இப்ப நிம்மதி. எல்லாம் இவன் வேலதான்னு தெரிஞ்சு போச்சுல்லா" என்றார் அண்ணாச்சி.

எழுந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். கல்லின் மேல் மெல்லிய பாசி படிந்திருந்தது. துளையின் வாயையும் அது மூடியிருந்தது. எதுவும் அசையவில்லை.

"கடைசியா எப்ப அண்ணாச்சி இதக் கண்ணால பாத்தீங்க?"

"பாக்கணுமாக்கும்? அதான் தெனமும் சத்தம் கேக்கே."

நாற்காலிக்குத் திரும்பி, தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். 'டக்'. அண்ணாச்சி டிரம்மைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீயளா, ஆளு வந்தாச் சும்மா இருக்கமாட்டான்." மதினியும் சிரித்தார். அந்தச் சத்தம் என் காதுக்கு வருவதற்கு முன்னால் சுவர் வழியாக முதுகுக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி, கட்டிலை இங்கிருந்து தள்ளிப் போட்டுக்கிடுங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றார் அவர், சிரிப்பு மாறாமல். "இறாலுக்குப் பயந்தா?"