சந்தேகமும் சிவப்பு விளக்கும்

சாவியைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு, பழுதுக்கு வந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் அந்த மெக்கானிக். இன்ஜின் ஓடவில்லை. கைகள் மடியில் கிடந்தன. அடுப்பில் பால் வைத்தவர் பொங்கும்வரை நகராமல் நிற்பதுபோல, சிவப்பு பிரேக் விளக்கு எப்போது எரியும் என்று மீட்டர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரிகிற வழியாக இல்லை. "டாக்டர் வாசலை மிதிச்சதும் வலி நின்னுடும் பாருங்க, அந்தக் கதைதான்" என்று இறங்கினார்.

அவரைச் 'சந்தேகம்' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் பட்டறை இருக்கும் தெருவிலேயே உள்ள மற்ற பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். எந்தக் காரைத் தொட்டாலும் "ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் வாயைத் திறப்பார். "கல்யாணம் பேச வந்த அன்னிக்கே எங்கப்பாவை ஏழு சந்தேகம் கேட்டாரு. என்னைப் பத்தி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் வாசல்ல நின்ன எங்க ஸ்கூட்டரைப் பத்தி" என்று அவர் மனைவி இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார். டீயைக் கொதிக்கக் கொதிக்க வாங்கி, ஆறி அவலானபின் குடிப்பார். கேள்விகள் முடியாமல் பானெட்டைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள் அவரிடம் வந்து சேர்வதற்கும், அவசரக்காரர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காததற்கும் காரணம் இந்த ஒரே குணம்தான்.

அன்று வந்திருந்தது ஓட்டுநர் பயிற்சிக் கார். பயிற்சியாளர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. அதன் சொந்தக்காரியும் பயிற்சியாளருமான, கணீரென்று பேசும் பெண்மணி பொறுமையிழந்து நின்றாள்.

"ரெண்டு பட்டறை பார்த்தாச்சு. ரெண்டு இடத்துலயும் பிரேக் ஆயிலை ஊத்தி, சரியாப் போச்சுன்னு அனுப்புனாங்க. மூணு வாரத்துல மறுபடி எரியுது. எரியும், அணையும். ஒரு நாளைக்கு ஒம்போது பேர் இதுல ஓட்டக் கத்துக்கறாங்க. என்னன்னு தெரியாம எப்படி ரோட்டுல விடறது?"

"ஒரு சின்ன சந்தேகம். யாரு ஓட்டும்போது எரியுது?"

"நான் ஓட்டுனா எரியறதே இல்ல. ஒரு தையல்கார அம்மா வருவாங்க. அவங்க உட்கார்ந்தாத்தான் எரியும். ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கலைன்னாலும் அந்த விளக்கு எரியும், அதுதான்னு நெனச்சேன். நல்லா நாலு வார்த்தை கேட்டேன். பத்து நாளா ஆளைக் காணோம்."

சந்தேகம் தரையைப் பார்த்தார். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. பிரேக் ஆயில் தொட்டியிலோ எண்ணெய் குறைந்திருந்தது. ஒழுகாத எண்ணெய் எங்கே போகும்?

"அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

"அவங்க எதுக்கு?"

"அவங்க கால் எனக்கு வேணும்."

பயிற்சியாளருக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் போன் செய்தாள். "நான்தான் உடைச்சேன்னு சொல்லக் கூப்பிடறீங்களா?" என்ற குரல் வெளியே வரைக்கும் கேட்டது. போனைச் சந்தேகமே வாங்கிப் பேசினார். அரைமணியில் தையல்காரி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியாளரைப் பார்க்காமல் நேரே அவரிடம் வந்தாள்.

"மிதிக்கும்போது உங்களுக்கு என்னம்மா தோணுச்சு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் அவள் பேசினாள். "முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிற காலுங்க இது. நூல் அளவு வித்தியாசமும் தெரியும். இந்த மிதி ஒரு இடத்துல நிக்கல. மெல்ல மெல்ல உள்ள இறங்குது. சொன்னேன். உங்களுக்குப் பயம்னு சொல்லிட்டாங்க."

இன்ஜினை ஓடவிட்டு அவளை உட்காரவைத்தார். திறந்த கதவருகே தரையில் குந்தி, அவள் பாதத்துக்கு நேராகத் தலையை நீட்டினார். அவள் துணிக்கு நோகாமல் ஊசி இறக்குகிறவள்போல மெதுவாக மிதித்து, அப்படியே பிடித்தாள். மிதி நின்றது. பிறகு, யாரோ கீழிருந்து இழுப்பதுபோல், ஓர் அங்குலம் இறங்கியது.

பயிற்சியாளர் மிதித்தபோது படாரென்று மிதித்தாள். மிதி கல்லாக நின்றது.

மிதியை அழுத்தினால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அதன் முதுகைக் காட்டினார். எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

"உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சிருக்கு. எண்ணெய் வெளியே சொட்டாம பின்னாடி இருக்கிற, மிதிக்கு பலம் கூட்டுற பூஸ்டருக்குள்ள போயிருக்கு. அதான் தரையில காணோம். படார்னு மிதிச்சா ரப்பர் விரிஞ்சு அடைச்சுக்கும், உங்களுக்குத் தெரியாது. இவங்க தூரத்துலேர்ந்தே மெதுவா மிதிச்சு, நெடுநேரம் பிடிக்கிறாங்க. அதுவரைக்கும் தொட்டியில குறைஞ்சுபோன எண்ணெய் முன்பக்கமாச் சாஞ்சே நிக்கும், அதுல மிதக்கிற மிதவை இறங்கும், விளக்கு எரியும். விளக்கும் பொய் சொல்லல, இவங்களும் பொய் சொல்லல."

"இப்படியே விட்டிருந்தா?" என்றாள் பயிற்சியாளர். குரலில் கணீர் இல்லை.

"ஒரு நாள் மிதி தரையைத் தொட்டிருக்கும்."

சந்தைக்கு இறங்கும் சரிவும், லாரிகளும், ஒன்பது முகங்களும் அவள் கண்ணில் வந்துபோயிருக்க வேண்டும். அங்கே கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரியைப் பார்த்து, "அன்னிக்கு நான் உங்களைத் திட்டியிருக்கக் கூடாதும்மா" என்றாள்.

"திட்டுனதுகூடப் பரவால்லம்மா" என்றாள் தையல்காரி. "சொன்னதைக் காதுல வாங்கலையே, அதுதான் ஆத்தாமை."

மறுநாள் காலை புது சிலிண்டர் மாட்டி, குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றி, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தின் சரிவில் சந்தேகம் தனியாக எட்டு முறை இறங்கி நிறுத்திப் பார்த்தார். மெதுவாகவும் மிதித்தார், படாரென்றும் மிதித்தார். விளக்கு எரியவில்லை. மிதி நின்ற இடத்தில் நின்றது. அப்போதும் திருப்தியில்லை. "அந்தம்மா ஓட்டட்டும்" என்றார்.

பயிற்சியாளரோடு வந்து நின்றிருந்த தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் ஏறியதும், அவள் கால் தன் பக்கத்துப் பிரேக் மிதியின்மேல் போய்த் தயாராக நின்றதைச் சந்தேகம் பார்த்தார். பயிற்சியாளர் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, இருக்கையின் அடியிலிருந்த நெம்புகோலைத் தூக்கி, அவள் கால் எட்டாத தூரத்துக்கு அந்த இருக்கையைப் பின்னால் தள்ளினார். கதவைச் சாத்தினார். பின்கதவைத் திறந்து, அந்த இருக்கைக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் தன் முழங்கால்களை மடக்கி நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.