ராங் நம்பர்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிய வாரம் அது. அருள்புரத்தில் நான் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், டீ இடைவேளையில் நடந்தது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் விளையாட்டாக, ஓட்டை விழுந்த பனியனைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று இந்த ஊர்ப் பேச்சில் நலம் விசாரித்து ஒரு ரீல்ஸ் போட்டேன். பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்புறம் தினமும் ஒன்று. 'ஏனுங்க அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் செல்ஃபி கேட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, தலைகால் புரியவில்லை எனக்கு.

எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குக் கூசாமல் 'கொமரலிங்கமுங்க' என்று எழுதினேன். அந்த ஊரை நான் பஸ் போர்டில்தான் பார்த்திருக்கிறேன். அதோடு நிம்மதி போயிற்று. நாலு பீஸ் பார்ப்பதற்குள் பத்துத் தடவை கை போனைத் தேடும். யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று கமெண்டுகளைத் துருவிக்கொண்டே இருப்பேன்.

அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நீ அந்த ரீல்ஸ் புள்ளைதான? நானும் கொமரலிங்கந்தான். உங்க ஊடு எந்த வீதி?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். நல்லவேளை, போன் அடித்தது. அம்மா. கண் மங்கலானதால் பட்டன்களைத் தடவித் தடவித்தான் நம்பர் போடுவாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

பெரியம்மா பக்கத்திலேயே நின்றார். "சாப்புட்டனுங்க. வேலைல இருக்கறனுங்க, அப்பறம் கூப்புடுங்க" என்றேன்.

அம்மா பணிவாகச் சொன்னாள்: "மன்னிச்சிக்கிடுங்கம்மா. எம் மவளுக்குப் போட்டேன், நம்பரு மாறிட்டு போல."

வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் அம்மாவிடம் யாரும் 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. பாவம், அவள் வேறு என்ன நினைப்பாள்? அங்கேயே நின்று திருப்பிக் கூப்பிட்டேன். "எம்மா, நாந்தாம்மா. ஒம் மவதான். வச்சிராத." அழுகை வந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு விளங்கிவிட்டது. வீதியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. "மொதல்ல அம்மாகிட்டப் பேசு கண்ணு" என்று, இடைவேளை முடிந்ததும் என் பங்கு பீஸ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றே அந்த ஊர்ப் பெயரை அழித்தேன். ரீல்ஸை விட மட்டும் மனசில்லை, இன்றும் போடுகிறேன். முகம் தெரியாதவர்கள்கூடக் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடிக்கிறார்கள், அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் "நீதான பேசுத?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறாள், அந்தக் கேள்விக்கு 'ஆமா' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.