வெற்றிலை வாங்கிய வடிவேலு

நம்மூரில் விடியலில் சாமியை எழுப்பியவன் நான். பூபாளம் ஊதிய பிறகுதான் கோயில் கதவே திறக்கும். இங்கே, புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், என்னை ஓர் இரும்புத் துண்டு எழுப்புகிறது. அதைத் தட்டியதும் பால்வெட்டும் கத்தியோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று, பெயர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாகியும் அந்தச் சத்தம் எந்தச் சுருதியிலும் சேராமல் காதைக் குடைகிறது.

மாசித் திருவிழா ஒன்றுதான் என்னை நாயனக்காரனாக வைத்திருந்தது. வருஷத்தில் ஒருமுறை சுற்றுவட்டத் தோட்டத்து மேளங்கள் எல்லாம் மலாக்கா டவுனில் கூடும். தேர் புறப்படும்போது மல்லாரி வாசிப்பது எங்கள் இருவருடைய உரிமை. நான் நாயனம், வடிவேலு தவில். எனக்கு இளையவன், கல்யாணம் ஆகாதவன், வாய் ஓயாதவன். திருவிழா முடிந்ததும் கோயில்காரர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டுவார்கள். வாங்கினால் அடுத்த வருஷத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. உயிரோடு இருந்தால் வந்தே ஆகவேண்டும். கடல் தாண்டியும் நாங்கள் விடாமல் வைத்திருந்த கட்டு இது.

அப்படி ஒரு மாசியில் வெற்றிலை வாங்கி வந்த சில மாதங்களிலேயே ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். முதலில் ஒண்டிக்கட்டைகள். பெரட்டில் வடிவேலுவின் பெயரையும் படித்தார்கள். அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

"வெத்தல வாங்கிட்டேங்கய்யா. மாசிக்கு நான் இங்க இருக்கணும்."

ஆபீஸ் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி அதை இங்கிலீஷில் துரையிடம் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"அந்த வெத்திலை என்ன விலையெண்டு கேக்கிறார். தோட்டமே குடுத்துத் தீர்க்குமாம்."

"சாமிகிட்ட வாங்குனதுக்கு இவரு எப்படிங்கய்யா காசு குடுப்பாரு?"

கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "போங்கோ" என்றார். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் அவர் வேலையே அந்தரத்தில் தொங்கியது.

இனித் திரும்பமுடியாது என்பதை வடிவேலு அப்போதும் நம்பவில்லை. தவிலை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டி பானையை என் வீட்டில் போட்டுவிட்டு லோரி ஏறினான். "மாசிக்குள்ள வந்துருவேண்ணே. சாமி வெத்தலைய மீறி எவன் என்ன செஞ்சுருவான்?" அவன் போன பின் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். ஊர்க் கோயிலில் அவனுக்கு இருந்த தவில் வாசிக்கும் முறை எப்போதோ அண்ணன் மகனுக்குப் போய்விட்டதாம். கேட்டதற்கு, கப்பலேறியவனுக்கு ஏது முறை என்றார்களாம். இப்போது திருவிழாக் கூட்டத்தில் நின்று தொடையில் தாளம் போடுகிறானாம். என் முறை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தீர்களா என்று கேட்க நினைத்தேன். பயமாக இருந்தது, கேட்கவில்லை.

மாசி வந்தது. வேறு தோட்டத்துத் தவில்காரன் ஒருவனை என்னோடு நிறுத்தினார்கள். சொதப்பித் தொலைப்பான் என்று காத்திருந்தேன். பாவி, நன்றாகவே வாசித்தான். முதல் வளைவில் தேர் நின்றபோது காதருகே வந்து சொன்னான்: "அண்ணே, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். நீங்க அந்தப் பக்கமே பாத்து ஊதுறீங்களே."

அது வடிவேலு நிற்கும் பக்கம். திரும்பிக்கொண்டேன். வடம் பிடித்தவர்கள் கோஷமிட்டார்கள். ஒருவருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஊரிலும் நான் இல்லாமல் இப்படித்தான் தேர் போய்க்கொண்டிருக்கும் என்று தோன்றியதும் எனக்கு மூச்சு தடுமாறி நாயனம் நின்றுவிட்டது. தவில்காரன் அந்த இடத்தை அடித்து நிரப்பினான். தேர் நிற்கவில்லை.