சுடலைக்கு முகம் வைத்த கதை

தம்பானூரில் நான் காலையில் டீ குடிக்கும் கடையில் தினமும் ஒரு நாடகம் நடக்கும். டீ ஆற்றுகிற சேட்டன் என்னிடம் தமிழில் பேசுவார். நான் அவரிடம் மலையாளத்தில் பேசுவேன். அவருடைய தமிழ் முழுக்கச் சினிமாவில் கற்றது. சர்க்கரை வேண்டுமா என்பதைக்கூட எதிரியிடம் சவால் விடுகிற தொனியில்தான் கேட்பார். என் மலையாளத்தின் லட்சணத்தை அவர்தான் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கனடாவிலும் நார்வேயிலும் இருக்கிற நண்பர்கள், திருநெல்வேலியில் கட்டிய கட்டுச்சோறு கெட்டுப்போவதற்குள் வந்து சேர்கிற ஊரில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவன் என்று சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்பார்கள். பனி பெய்தால்தான் அந்நிய தேசம் என்று அவர்கள் எண்ணம். தூரத்து நாட்டுக்காரனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே கேட்பான். பக்கத்து ஊர்க்காரனுக்கு நம்மைப் பற்றி எல்லாம் முன்பே தெரியும்.

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வீடியோ கேம் பாத்திரங்களைச் செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஸ்டூடியோவில். பாத்திரங்களின் தோலையும் துணியையும் துருவையும் தீட்டுவது என் வேலை. ஆனால் முப்பது பேரில் நான் ஒருவனே தமிழன் என்பதால், கறுப்பு நிறத்தோடும் பெரிய மீசையோடும் எவன் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவான். லாரி டிரைவர், அடியாள், மந்திரவாதி, எல்லோருக்கும் நானே தாய்மாமன்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் கேமில் நான்காம் கட்டத்து வில்லனாக ஒரு தென்னிந்தியக் காவல் தெய்வம் வேண்டும் என்றது. எங்கள் குழுத்தலைவன் அனூப் இணையத்தில் தேடிச் சுடலை மாடனைப் பிடித்துவிட்டான். "நிங்ஙளுடெ ஆளல்லே அண்ணாச்சீ? ஒரு ரெஃபரன்ஸ் படம் அயய்க்கு" என்றான். உங்கள் ஆள்தானே, மாதிரிப் படம் அனுப்பு என்று அர்த்தம். ஆள் எங்கள் ஆள்தான். குலதெய்வம். என் அப்பா சாமியாடி. கோயில் கொடைத் திருவிழாவில் சல்லடம் கட்டித் தீப்பந்தத்தோடு ஆடுவார். ஆனால் எங்கள் சுடலைக்குப் படம் கிடையாது. ஆள் உயரத்துக்குச் செங்கல் பீடம், அதன்மேல் சுண்ணாம்பு, சந்தனம், ஒரு மாலை. அவ்வளவுதான் சாமி. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பின்னணிச் சுவர் பிரமாதம், இனிப் பாத்திரத்தை அனுப்புங்கள் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பாத்திரமே அதுதான் என்று எழுதினேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார்கள்.

இந்த அனூப்தான் அதற்கு முந்தின வருஷம் வேறொரு கேமில் ஒரு பிணப் பேய்க்குத் தன் ஊர்த் தெய்யச் சாமியின் கிரீடத்தை வைத்ததற்காக, பண்பாட்டுத் திருட்டு என்று மூன்று வாரம் ஃபேஸ்புக்கில் குமுறியவன். அந்தக் கிரீடத்துக்குச் சிவப்புத் தீட்டியவன் நான். மனசு உறுத்தாமல், சொல்லப்போனால் ரசித்தே தீட்டினேன். இப்போது சுடலையைக் கொல்லக் கூடாது என்று நான் போய் நின்றபோது, இது வெறும் கேம்தானே என்று அவன் தோளைத் தட்டினான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அவனுக்கு வந்தபோது எனக்குத் தெரியவில்லை, எனக்கு வந்தபோது அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் முகத்தை நானே வைத்தேன். நான் நெருக்கத்தில் பார்த்த கோபம் ஒன்றே ஒன்று, அது என் அப்பாவுடையது. அவருடைய வெட்டுப்பட்ட புருவம், மீசை, கண். அந்த முகத்துக்குக் கீழே கம்பெனிக்காரர்கள் எட்டுக் கட்டு வயிறும் மண்டையோட்டு அரைஞாணும் நீல நெருப்பும் சேர்த்தார்கள். சாமி சாகக் கூடாது என்பதற்காக மட்டும் நான் மூன்று மீட்டிங்கில் மல்லுக்கட்டினேன். சாமியின் தலைக்கு மேல் தெரியும் சிவப்பு உயிர்க்கோடு பாதியாகக் குறைந்ததும் அவர் புகையாகி மறைந்துவிடுவார், மீதி இரண்டாம் பாகத்துக்கு என்று முடிவாயிற்று. பெரிய ராஜதந்திரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சம்பந்தப்பட்ட மக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்ற தாளில் பண்பாட்டு ஆலோசகர் என்று கையெழுத்தும் போட்டேன். அந்த மக்கள் என்பது நான்தான். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கொடைக்கு முன் நாள்கணக்கில் விரதம் இருக்கிற மனிதர். உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்பார். எனக்குப் பயமாகவே இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் நம் ஊர்ப் பலசரக்கு வியாபாரிகள் ஒரு சந்துக்குள் சுடலைக்குப் பீடம் வைத்திருக்கிறார்கள். வருஷக் கொடைக்கு அப்பாதான் வந்து ஆடுவார். இந்த வருஷமும் தம்பானூரில் ரயிலடியிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்து முனையில் இறங்கினோம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ். அதில் என் சுடலை, எட்டுக் கட்டு வயிறும் நீல நெருப்புமாக. அச்சடித்தவன் கேம் வெளியானபின் இணையத்தில் இறைந்து கிடந்தவற்றில் பளிச்சென்ற படத்தை இறக்கியிருக்கிறான். கீழே கமிட்டித் தலைவர்கள் கூலிங் கிளாஸோடு கும்பிட்டபடி நின்றார்கள்.

வரவேற்க வந்த அரிசிக்கடைக்காரர் படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசல் ஒங்க மொகம்லா அண்ணாச்சி, கேட்டியளா" என்றார்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். முப்பது வருஷமாகச் சாமியாக ஆடியவருக்குச் சாமி தன் ஜாடையில் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நரம்பு நரம்பாக நானே தீட்டிய வயிற்றை நானும் கும்பிட்டேன். தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது, அப்பாவின் பார்வை படத்தின் தலைக்கு மேலே போயிற்று.

"ஏல, மண்டைக்கு மேல செவப்பா ஒரு கோடு கெடக்கே, அது என்னது?"

அலங்காரம் என்று சொல்லியிருக்கலாம்.

"அது சாமியோட உசுருப்பா" என்றேன்.

அப்பா கண்ணைச் சுருக்கிக் கோட்டை அளந்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாதிதான கெடக்கு. மிச்சத்த எங்கல கொண்டு போட்ட?"

அரிசி மூட்டை ஏற்றி வந்த லோடு ஆட்டோக்காரன் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்து, வழி விடச் சொல்லித் தன் சினிமாத் தமிழில் அதட்டினான். ஆட்டோக்காரனுக்கு மட்டும் மலையாளத்தில் பதில் சொன்னேன்.