விளக்கு வைக்கும் நேரத்தில் வரும் சார்

அருளானந்தம் சார் போய்விட்டார். காலையில் பழைய மாணவர்கள் குரூப்பில் மெசேஜ்... தொண்ணூறை நெருங்கியிருப்பார். தூக்கத்திலேயே என்கிறார்கள்.

யுனிவர்சிட்டியில் மானிடவியல் பேராசிரியர். மனிதனின் எலும்பு, ரத்தம், பரம்பரை... இதுதான் அவர் பாடம். அறுபதுகளில் லெக்சரராகச் சேர்ந்து, டிபார்ட்மென்ட் தலைவராகி ரிட்டயர் ஆனவர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் எம்.எஸ்சி. படித்தேன்.

முதல் வகுப்பில் ஒரு மண்டையோட்டைக் கையில் கொடுத்துச் சுற்றுக்கு விட்டார். "பயப்படாதீங்கம்மா, இவர் யாரையும் ஃபெயில் பண்ண மாட்டார்." நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அவர் பேச்சை எடுத்தால் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

தாய்மாமன் கல்யாணம்தான் சாரின் ஆராய்ச்சி. அக்காள் மகளைத் தம்பி கட்டுவது... நம் பக்கத்தில் அது உரிமை. அப்படிக் கட்டினவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கும் மாணவர்களோடு வந்தார். கூட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

அம்மாவிடம் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அம்மா அப்பா பேரை வாயால் சொல்ல மாட்டாள். குன்றக்குடி முருகன் மலை இருக்கிற திசையைக் கை காட்டினாள். சார் பேனாவும் கையுமாக என்னைப் பார்க்கிறார்... "சண்முகம், சார்" என்றேன்.

ஆனால் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டதும் அம்மாவை நிறுத்த முடியவில்லை.

"எங்க வீட்டு ஆம்பளைக தங்கம் சார். பொழுது சாஞ்சா வாசப்படி தாண்ட மாட்டாக. கூத்து, சீட்டாட்டம் ஒண்ணுக்கும் போக மாட்டாக. எங்கப்பா அப்புடித்தான், சித்தப்பா அப்புடித்தான், என் தம்பியும் அப்புடியே. அந்தக் கொணத்துக்குத்தான் பெரியவளை அவனுக்குக் குடுக்குறோம்."

ஊரும் அதைத்தான் சொல்லும். ஒழுக்கமான வம்சம்...

சார் எழுதுவதை நிறுத்திவிட்டார். "தம்பி எப்ப வருவார்?"

"எங்க கூடத்தான் இருக்கான். விளக்கு வைக்கிறதுக்குள்ள வயல்லேர்ந்து வந்துருவான்."

மற்ற மாணவர்களை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு சார் மட்டும் இருந்தார். மாமா வந்தார், கை கால் கழுவினார், எதிரில் உட்கார்ந்தார். மழை, மாடு, உரம் என்று பேச்சு ஓடியது. பொழுது இறங்கிக்கொண்டே இருந்தது.

அம்மா விளக்கேற்ற எழுந்தாள். "கொஞ்சம் இருங்கம்மா" என்றார் சார்.

பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து நீட்டினார். "கல்யாண மாப்பிள்ளை, இந்தாங்க."

மாமா கை நீட்டினார். சாரின் கைக்கு ஒரு சாண் தள்ளி... காற்றில் தடவினார். எங்களுக்கெல்லாம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற வெளிச்சம் இன்னும் இருந்தது.

"இங்குட்டுடா தம்பி" என்று அம்மா சட்டென்று மாமா கையைப் பிடித்து மிட்டாய் மேல் வைத்தாள். பழகின கை.

சார் மெதுவாகத்தான் சொன்னார். "இது குணம் இல்லம்மா, கண்ணுக் கோளாறு. பரம்பரையா வருது. போகப் போகப் பகல்லயும் தெரியாமப் போயிடும். சொந்தத்துலயே குடுத்தா பிள்ளைகளுக்கும் வரலாம்."

"மாலைக்கண்ணு யாருக்குத்தான் இல்ல? முருங்கைக்கீரை ஆக்கிப்போட்டாச் சரியாப் போயிரும்" என்றாள் அம்மா. அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "கல்யாணம் பேசி வச்ச வீட்டுல, விளக்கு வைக்கிற நேரத்துல இப்புடிச் சொல்றீகளே... நீங்க நல்லா இருப்பீகளா?"

மாமா மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "மாமாவுக்குக் கண்ணு பத்தாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதுக்காக அவரை விட்டுட்டு வேற ஆளைக் கட்டவா?"

"பிள்ளைகளைப் பத்தித்தான்க்கா சார் சொல்றாரு."

"வரலாம்னுதானடி சொன்னாரு. வரும்னா சொன்னாரு?"

தையில் கல்யாணம் நடந்தது. சார் வந்து அட்சதை போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகும் அந்தப் பக்கம் வேலையாக வந்தால் அக்கா வீட்டுக்குப் போவார். எப்போதும் விளக்கு வைக்கிற நேரம். எப்போதும் ஆரஞ்சு மிட்டாய். பெரிய பையன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டான். அன்றைக்கு அக்கா சாருக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள்.

சின்னவன் ஓடி விளையாட ஆரம்பித்த பிறகு... தெரு முனையில் சாரின் வெள்ளைச் சட்டை தெரிந்தாலே போதும். வெயில் இருக்கும்போதே வீட்டிலுள்ள லைட்டையெல்லாம் அக்கா போட்டுவிடுவாள்.

சாருக்குப் புரிந்துவிட்டது. மிட்டாயைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

அந்த ஆராய்ச்சிதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பேசினார். எங்கள் ஊர்ப் பேரை எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. சொன்னது பலித்துவிட்டால் சொன்னவர் மேல்தானே கோபம் வருகிறது.

சின்னவனுக்கு முப்பது வயது தாண்டுவதற்குள் பகலும் போய்விட்டது.

இன்றைக்குச் சாயங்காலம் அக்காவுக்கு போன் பண்ணினேன். "அருளானந்தம் சார் போயிட்டாருக்கா."



"பெரியவன் மகன் வந்துருக்கான்டி, லீவுக்கு. நாலு வயசாகுது."

"என்னக்கா பண்றான்?"

"வாசல்ல வெளையாடுறான். நான் இன்னும் லைட்டப் போடல... கையில ஆரஞ்சு மிட்டாய் வச்சுருக்கேன்."

போனை வைத்துவிட்டாள். இதை எழுதும் வரை திருப்பிக் கூப்பிடவில்லை.

போய் வாருங்கள், சார்.